முதல் பரிசா, பாஸ் மார்க்கா, பொன்னாடையா? பூங்காவுக்கும் மக்கள் கலைக்கும் தரப்படும் விருதுகள்

லண்டனில் இருக்கும் அக்கா மகள் போன ஜூலையில் குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டாள். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா, வாசலில் ஒரு கம்பம், அதில் ஒரு பச்சைக் கொடி. “எங்க பார்க்குக்கு விருது!” என்று கீழே எழுதியிருந்தாள். ஐந்தே நிமிடத்தில் அண்ணன் கேட்டார்: “எத்தனாவது இடம்?”

“இடமெல்லாம் கிடையாது மாமா. இந்த நாட்டுல ரெண்டாயிரம் பூங்காவுக்கு மேல இந்தக் கொடி இருக்கு.”

“அப்போ அது விருதே இல்லை” என்று தீர்ப்பு எழுதிவிட்டு அண்ணன் காபி குடிக்கப் போய்விட்டார்.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். விருது என்றதும் நம் மனதில் வருவது மேடை, கோப்பை, ஒன்று இரண்டு மூன்று. பத்மஸ்ரீ, கலைமாமணி, தெருமுனைச் சங்கத்தின் ‘சேவைச் செம்மல்’ எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே சொல்தான். உள்ளே ஓடும் எந்திரமோ ஒவ்வொன்றிலும் வேறு. அது தெரியாததால்தான் ‘இவருக்கு எதற்குக் கொடுத்தார்கள்’, ‘காசு கொடுத்து வாங்கியிருப்பார்கள்’ என்ற பேச்செல்லாம் கிளம்புகிறது. பொதுப் பூங்காக்களுக்கும், ஊர் மக்கள் சேர்ந்து செய்யும் கலைக்கும் தரப்படும் விருதுகளை வைத்து இதைப் பிரித்துப் பார்க்கலாம்.

பள்ளிக்கூடத்தில் பார்த்த மூன்று

நூறு மீட்டர் ஓட்டத்தில் எட்டுப் பேர் ஓடினால் முதல் பரிசு ஒருவருக்குத்தான். எல்லோரும் மெதுவாக ஓடினாலும் ஒருவர் முதலில் வந்தே தீருவார். எல்லோரும் மின்னலாக ஓடினாலும் ஏழு பேர் தோற்றே தீர வேண்டும். இங்கே அளவு என்பது பக்கத்தில் ஓடுகிறவர்.

பரீட்சையில் 35 வாங்கினால் பாஸ். வகுப்பில் நாற்பது பேரும் பாஸாகலாம், நாற்பது பேரும் ஃபெயிலாகலாம். பக்கத்து பெஞ்சுக்காரன் எவ்வளவு வாங்கினான் என்பது உங்கள் பாஸைத் தொடாது. இங்கே அளவு முன்கூட்டியே போட்டுவைத்த ஒரு கோடு.

மூன்றாவது, முப்பது வருஷம் மணி அடித்த பியூன் ஓய்வுபெறும் நாளில் அவருக்குப் போர்த்தும் பொன்னாடை. அதற்கு மார்க் கிடையாது, போட்டி கிடையாது. ‘நீங்கள் செய்ததை நாங்கள் பார்த்தோம்’ என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

அண்ணன் ஒரு பாஸ் மார்க்கைப் பார்த்து முதல் பரிசுக்கான கேள்வியைக் கேட்டுவிட்டார். குழப்பத்தில் பெரும்பகுதி இவ்வளவுதான்.

கொடிக்குப் பின்னால் இருக்கும் கோடு

அக்கா மகள் பார்த்தது ‘கிரீன் ஃபிளாக் அவார்டு’. 1996-ல் பிரிட்டனில் தொடங்கி, 1997-ல் முதன்முதலாக ஏழு பூங்காக்களுக்குக் கொடுக்கப்பட்டது. இங்கிலாந்தில் இதை அரசின் உரிமம் பெற்று நடத்துவது ‘கீப் பிரிட்டன் டைடி’ என்ற தொண்டு அமைப்பு. பெயரில் அவார்டு இருந்தாலும் இது தரச்சான்று. அதாவது, வகுத்துவைத்த அளவை எட்டியிருக்கிறது என்று வெளியாள் ஒருவர் வந்து பார்த்துச் சொல்வது. நகைக்கு ஹால்மார்க் குத்துகிறார்களே, அந்த ஜாதி.

மொத்தம் 100 மார்க். அதில் 30 காகிதத்துக்கு, 70 களத்துக்கு. காகிதம் என்றால் பூங்காவின் மேலாண்மைத் திட்டம்: இந்த இடத்தில் என்ன இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார்கள், அடுத்த சில வருஷங்களில் என்ன செய்யப்போகிறோம், அதற்குப் பணம் எங்கிருந்து என்று எழுதிவைத்த ஆவணம். களம் என்றால் நடுவர் நேரில் வந்து நடந்து பார்ப்பது. பாஸாக மொத்தம் 66 வேண்டும். அதோடு காகிதத்தில் குறைந்தது 15, களத்தில் குறைந்தது 42 எடுத்தாக வேண்டும். இந்த இரட்டைப் பூட்டு எனக்குப் பிடித்த விஷயம். அழகாகத் திட்டம் எழுதத் தெரிந்த ஆள் இருந்தாலும் கழிப்பறை நாறினால் தப்ப முடியாது. பூங்கா பளபளவென்று இருந்தாலும் ‘நாளைக்கு யார் பார்ப்பார்கள்’ என்பதற்குப் பதில் இல்லையென்றால் அதுவும் செல்லாது.

நடுவர்கள் பார்ப்பது எட்டுத் தலைப்புகளில். உள்ளே வரச்சொல்லி அழைக்கும் இடமா என்பதுதான் முதல் தலைப்பு. பாதுகாப்பு, பராமரிப்பு, சுற்றுச்சூழல், உயிரினங்களும் பாரம்பரியமும், அக்கம்பக்கத்து மக்களின் பங்கு, தகவல் சொல்லும் விதம், நிர்வாகம் ஆகியவை மீதி. நடுவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பெரும்பாலும் வேறு ஊரில் பூங்கா வேலை பார்ப்பவர்கள், அதாவது எந்த மூலையில் குப்பையை ஒதுக்கிவைப்பார்கள் என்று தெரிந்தவர்கள்.

கொடி ஒரு வருஷத்துக்குத்தான். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணமும் உண்டு. முழு ஆய்வு ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் நடக்கும். இடைப்பட்ட வருஷத்தில் நடுவர் சொல்லாமல் கொள்ளாமல் சாதாரண ஆளாக வந்து பார்த்துவிட்டுப் போவார். மாமியார் ஊரிலிருந்து தகவல் இல்லாமல் வந்து இறங்குவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூங்காவில் ஒரு நாள் நடுவராக

எட்டுத் தலைப்பையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு, எங்கள் பேட்டைப் பூங்காவுக்கு ஒரு சனிக்கிழமை காலை போனேன். சும்மா ஒரு ஆசை.

வாசல் போர்டில் ஆறு வரி. ஆறும் ‘கூடாது’வில் முடிகிறது. பந்து விளையாடக் கூடாது, புல்லில் உட்காரக் கூடாது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சல் ஆடக் கூடாது. அழைக்கும் இடமா என்ற முதல் தலைப்பிலேயே பேனா நின்றுவிட்டது. பத்து மணிக்கு வாட்ச்மேன் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிப் பூட்டினார். இனி நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

ஆனால் கூழாங்கல் பதித்த எட்டு வடிவ நடைபாதை சுத்தமாக இருந்தது. ஒரு கல் பெயரவில்லை. விசாரித்தால், தினமும் நடக்க வரும் நாலைந்து பேர் கைக்காசு போட்டு சிமெண்ட் வாங்கிப் பூசுகிறார்களாம். மக்களின் பங்கு என்ற தலைப்பில் தாராளமாக மார்க் போட்டேன். அந்த எட்டுக்கு நடுவில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. யாரிடம் சொல்வது என்று வாட்ச்மேனைக் கேட்டேன். “யார்ட்ட சார் சொல்றது?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மேலாண்மைத் திட்டம் என்ற காகிதத்துக்கு ஏன் 30 மார்க் வைத்தார்கள் என்பது எனக்கு அந்தக் குழாயடியில்தான் புரிந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதியிருக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒரு துணித்துண்டால் என்ன ஆகும்?

பணம் தராத, ஆயிரக்கணக்கில் கொடுக்கப்படுகிற ஒரு கொடிக்காக நகராட்சிகள் ஏன் மெனக்கெடுகின்றன?

இங்கிலாந்தில் குப்பை அள்ளுவது உள்ளாட்சிகளுக்குச் சட்டக் கடமை. பூங்கா பராமரிப்பது அப்படியில்லை. பணமுடை வந்தால் முதலில் கை வைக்கப்படுவது பூங்காவில்தான். தோட்டக்காரர்களைக் குறைத்தால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ரோஜாச் செடி வழக்குப் போடாது. ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால் பெஞ்சு உடைந்து, விளக்கு எரியாமல், மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் போகப் பயப்படும் இடமாகியிருக்கும். உலகத்துக்கே பொதுப் பூங்காவை அறிமுகப்படுத்திய நாடு அது. 1847-ல் திறந்த பிர்கன்ஹெட் பூங்காவைப் பார்த்து அசந்துபோன ஓல்ம்ஸ்டெட்தான் பிறகு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை வடிவமைத்தவர்களில் ஒருவர். அப்பேர்ப்பட்ட நாட்டில் 1980, 90-களில் பூங்காக்கள் இப்படித்தான் சீரழிந்தன.

கொடி செய்வது இந்த மெதுவான சரிவைக் கண்ணுக்குத் தெரியவைப்பது. பராமரிப்புக் குறைந்தால் மார்க் குறையும், 66-க்குக் கீழே போனால் கொடி இறங்கும், இறங்கினால் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வரும், கவுன்சிலரை வழியில் மடக்கிக் கேட்பார்கள். பட்ஜெட் கூட்டத்தில் பூங்கா அதிகாரி ‘பணம் குறைத்தால் செடி வாடும்’ என்று சொன்னால் யாரும் தலை நிமிர மாட்டார்கள். ‘கொடி போய்விடும்’ என்றால் நிமிர்வார்கள். அவர் கையில் கொடி ஒரு பிடிமானம்.

இதில் ஓட்டையும் உண்டு. விண்ணப்பிக்காத பூங்காவை யாரும் வந்து பார்ப்பதில்லை. கட்டணம் கட்டவும் திட்டம் எழுதவும் ஆள் இல்லாத ஏழை நகராட்சியின் பூங்கா வரிசையிலேயே நிற்காது. கொடி இல்லை என்பதால் ஒரு பூங்கா மோசம் என்று சொல்லிவிட முடியாது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பாஸ் மார்க் வகை விருது பலருக்குக் கிடைக்கும், காலாவதியாகும், திரும்பத் திரும்பச் சம்பாதிக்க வேண்டும். அதன் பலம் கிடைப்பதில் இல்லை, பறிபோகும் என்ற பயத்தில் இருக்கிறது.

பொன்னாடை: ஒரு ரோடு இன்ஸ்பெக்டரின் கதை

பொன்னாடை வகைக்கு நமக்கெல்லாம் தெரிந்த உதாரணம் பத்ம விருதுகள். இது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சண்டிகரில் தொடங்கிப் பார்க்கலாம்.

1950-களில் லெ கொர்பூசியே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைந்த கோடுகளின்படி சண்டிகர் நகரம் எழுந்துகொண்டிருந்தது. அதற்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டன. பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், இடிபாடுகளிலிருந்து உடைந்த வளையல், பீங்கான், ஓடு, பழைய மின்சார சாமான் என்று சைக்கிளில் அள்ளிக்கொண்டு வந்தார். சுக்னா ஏரிக்குப் பக்கத்தில், எதுவும் கட்டக் கூடாது என்று ஒதுக்கிவைத்த காட்டுநிலத்தில், வேலை முடிந்த மாலையிலும் இரவிலும் பொம்மைகள் செய்தார். வளையல் துண்டில் புடவை கட்டிய பெண்கள், வரிசை வரிசையாக மனிதர்கள், மிருகங்கள். சட்டப்படி பார்த்தால் அது ஆக்கிரமிப்பு. சுமார் பதினெட்டு வருஷம் யாருக்கும் தெரியாது. 1970-களின் நடுவில் அதிகாரிகள் கண்ணில் பட்டபோது இடித்துத்தள்ளியிருக்கலாம். இடிக்கவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்குச் சம்பளமும் உதவிக்கு ஐம்பது ஆட்களும் கொடுத்தார்கள். 1984-ல் பத்மஸ்ரீ.

எந்த மார்க் ஷீட்டில் இதை அளப்பீர்கள்? மேலாண்மைத் திட்டம் இல்லை, அனுமதியே இல்லை. பச்சைக் கொடி நடுவர் வந்திருந்தால் காகிதத்தில் பூஜ்யம். போட்டி வைத்தாலும் எதிரில் நிறுத்த ஆள் கிடையாது. அளவுகோலுக்குள் அடங்காத காரியங்களுக்குத்தான் பொன்னாடை.

1954-ல் தொடங்கிய பத்ம விருதுகளுக்கு யார் வேண்டுமானாலும் பரிந்துரை அனுப்பலாம். பரிந்துரை என்றால் ‘இவர் இன்ன செய்தார், கவனியுங்கள்’ என்று எழுதி அனுப்புவது, அதற்கு 800 வார்த்தை வரை இடம். தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ளவும் விதி அனுமதிக்கிறது, வெட்கம்தான் அனுமதிக்காது. வந்தவற்றை அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான குழு அலசும். பிறகு பிரதமர், குடியரசுத் தலைவர் ஒப்புதல். கிடைப்பது ஒரு பதக்கமும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட சான்றும். பணம் கிடையாது. ரயிலில், விமானத்தில் சலுகை கிடையாது. இதைச் சொன்னால் இன்னும் பலர் நம்புவதில்லை.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பத்மஸ்ரீ பட்டம் அல்ல. அரசு பட்டம் வழங்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 18-வது பிரிவு. பத்ம விருதுகள் பட்டமாகாது, ஆனால் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளும் கச்சேரி நோட்டீஸ்களும் அந்தத் தீர்ப்பை இன்னும் படிக்கவில்லை போலிருக்கிறது.

தமிழ்நாட்டில் சமீபத்திய பட்டியல்களைப் பாருங்கள். 2024-ல் வள்ளி ஒயில் கும்மி கற்றுக்கொடுக்கும் பத்ரப்பன். 2025-ல் பறை வாசிக்கும் மதுரை வேலு ஆசானும், தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும். மூன்றும் ஊர் கூடி நடத்துகிற கலைகள். சபா வாசல் தாண்டாத, டிக்கெட் இல்லாத கலைகள். பறைக்கு இது கிடைத்தது வெறும் சால்வை இல்லை. சாவுக்கு அடிப்பது என்று ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த கருவியை ராஷ்டிரபதி பவன் வரை கொண்டுபோனதில் ஒரு கணக்குத் தீர்ந்திருக்கிறது. முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பொன்னாடை வகையை ஒரு வரியில் சொன்னால்: காலாவதி இல்லை, மார்க் இல்லை. அதனாலேயே ‘இவருக்கு ஏன், அவருக்கு ஏன் இல்லை’ என்ற சண்டையும் ஓய்வதில்லை.

முதல் பரிசு, சுருக்கமாக

போட்டி வகைக்கு ஒன்றே ஒன்று போதும். பிரிட்டனின் டர்னர் பரிசு சமகாலக் கலைக்கானது. நால்வர் பட்டியலிலிருந்து ஒருவர் வெல்வார். 2015-ல் வென்றது தனி ஓவியர் அல்ல, ‘அசெம்பிள்’ என்ற இளைஞர் குழு, 25,000 பவுண்டு. அவர்கள் செய்தது லிவர்பூலின் கிரான்பி பகுதியில் பாழடைந்து கிடந்த வீடுகளை அங்கே இருந்த மக்களோடு சேர்ந்து மீட்டது. ‘வீடு ரிப்பேர் பண்ணுவது கலையா?’ என்று பத்திரிகைகள் கேட்டன. நியாயமான கேள்விதான். ஆனால் எனக்கு உறைத்தது வேறு. அசெம்பிள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அந்தத் தெருப் பெண்கள் பலகை அடித்த ஜன்னல்களுக்குச் சாயம் பூசி, நடைபாதையில் பூச்செடி வைத்து, தெருவிலேயே சந்தை நடத்தி இடத்தை உயிரோடு வைத்திருந்தார்கள். பரிசு அவர்கள் பெயரில் வரவில்லை.

யார் கழுத்தில் மாலை?

எந்த வகையானாலும் விருதுக்கு ஒரு பெயர் தேவை. ஊர் கூடிச் செய்த வேலையில் பெயர் இருக்காது. எட்டு வடிவப் பாதைக்குச் சிமெண்ட் பூசிய நாலைந்து பேரில் யாரை மேடைக்குக் கூப்பிடுவது?

இரண்டு ஏற்பாடுகள் இதற்குப் பதில் தேடியிருக்கின்றன. பிரிட்டனில் 2002-ல் ராணி எலிசபெத்தின் பொன்விழாவை ஒட்டித் தொடங்கிய விருது ஒன்று இருக்கிறது. இப்போது ‘கிங்ஸ் அவார்டு ஃபார் வாலன்டரி சர்வீஸ்’ என்று பெயர். இது குழுவுக்கு மட்டும்தான், தனி ஆளுக்குக் கிடையாது. குழு தன்னைத்தானே பரிந்துரைத்துக்கொள்ள முடியாது, வெளியாள்தான் எழுத வேண்டும். பூங்கா நண்பர்கள் குழுக்கள் போன்றவை இதற்குள் வரும்.

மற்றது மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வழங்கும் ஆகா கான் கட்டடக்கலை விருது. பரிசுத் தொகை பத்து லட்சம் டாலர். 2016-ல் வென்ற ஆறில் ஒன்று கோபன்ஹேகனின் சூப்பர்கீலன் பூங்கா. அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் வாழும் பகுதி அது. ‘உங்கள் ஊரிலிருந்து இந்தப் பூங்காவில் என்ன வைக்கலாம்?’ என்று அவர்களையே கேட்டார்கள். மொராக்கோ நீரூற்று, ஈராக் ஊஞ்சல், தாய்லாந்துக் குத்துச்சண்டை மேடை வந்தன. பாலஸ்தீனத்து மண் கொஞ்சம் வந்தது. இந்த விருதில் தொகை கட்டடக் கலைஞருக்கு மட்டும் போவதில்லை. கட்டச் சொன்னவர், கட்டியவர், கைவினைஞர் என்று பங்கு பிரிக்க இடமுண்டு. கொத்தனார் பெயரும் சான்றிதழில் வரலாம் என்பது நம் ஊர்த் திறப்புவிழாக் கல்வெட்டுகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெரிய அதிசயம்.

இதையெல்லாம் அண்ணனுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை முழுக்க விளக்கினேன். கடைசிவரை தலையாட்டினார், ஒப்புக்கொண்டாரா என்று தெரியவில்லை. இந்த ஜூலையில் அக்கா மகள் மறுபடியும் அதே கம்பத்தின் படத்தைப் போட்டாள், இந்த முறை கொடி கொஞ்சம் புதிதாக இருந்தது. அண்ணனிடமிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

“பாஸா?”